ஸ்ட்ரெப்டோமைசின் யாருடைய பெயர்

மாதம்மா, உன் பெயரை வாய்விட்டுச் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது. இப்போது எழுதிப் பார்க்கிறேன். எழுத்தில் பார்த்தால் வேறு யாருடைய பெயரோ மாதிரி இருக்கிறது.

உனக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. அதனால் இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

மாதம்மா என் மனைவி. நெஞ்சு நோயில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் அதைச் சயரோகம் என்பார்கள். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்று பயம். "அந்த இருமல்" என்பார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த சாமல்பட்டி ஜைனபு அக்காதான், "நடந்தத எழுது தம்பி, ஊசி போட்டுக்கறவங்க நாலு பேரு படிக்கட்டும்" என்றார். அவர் சொல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

கெலமங்கலத்திலிருந்து ராயக்கோட்டை போகிற வழியில் எங்கள் ஊர். நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல அறை புழுவுக்கு. நாங்கள் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்வோம். புழு அறைக்குள் போகிறவர் குளித்திருக்க வேண்டும். வாசலில் கொட்டியிருக்கும் சுண்ணாம்புத் தூளை மிதித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். புகையிலை, பூண்டு வாசனை ஆகாது. வெளியாள் எட்டிப் பார்க்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆகாதது பூசணம். ஈர இலையில் பூசணம் பிடித்தால் புழுவுக்கு ஒட்டிக்கொள்ளும். புழு விறைத்துப்போய், மேலே வெள்ளையாகப் பூத்து, சுண்ணாம்புக் குச்சி மாதிரி கிடக்கும். அதைச் சுண்ணக்கட்டு என்போம். ஒரு தட்டில் வந்தால் தட்டோடு தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிடுவோம். எரித்தவர் அன்றைக்கு உள்ளே வரக் கூடாது. பூசணம் பட்ட துணி, பூசணம் பட்ட கை, எதுவும் அந்த வாசலைத் தாண்டாது.

மாதம்மா நாகரசம்பட்டிப் பெண். மாந்தோப்பில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த அன்று புழுத்தட்டைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். "இத்தினி புழுவோட நான் ஒரே வூட்டுல இருக்கணுமா?" என்று அவள் அண்ணனிடம் அழுதாளாம். அடுத்த வருஷம் என் அம்மாவே அவளிடம் கேட்டுத்தான் இலை போட்டார். முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழு கறுப்பாக எறும்பைவிடச் சின்னதாக இருக்கும். அதைக் கோழியிறகால் தட்டில் தள்ள வேண்டும். அம்மாவின் கையில் பாதி நசுங்கும். மாதம்மா கையில் ஒன்றுகூடப் போகாது. அந்த அறை அவளுடையது. நாங்கள் அவளிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் பெயர் திம்மராயன். என் தாத்தாவின் பெயர். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால், பெற்ற அம்மாவே என்னை "அப்பய்யா" என்றுதான் கூப்பிடுவார். கட்டிக்கொண்டவள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அப்பாவும் போய்விட்டார். அதனால் எங்கள் வீட்டில் என் பெயர் யார் வாயிலும் வராது. ஒருவருடைய பெயரை வைத்தால் அவரே அதில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்கள் பக்கத்து எண்ணம். சின்ன வயதில் நான் அடம்பிடித்தால், "பெரியவரு கோவமா இக்கறாரு" என்று சொல்லி அம்மா அடிக்கத் தூக்கின கையைக் கீழே போட்டுவிடுவார். எனக்கு அது வசதியாக இருந்தது.

நோய் மெல்லத்தான் வந்தது. சாயங்காலமானால் அவளுக்கு உடம்பு சுடும். காலையில் ஒன்றும் இருக்காது. ரவிக்கை தொளதொளவென்று ஆனது. சூட்டைப் பற்றிக் கேட்டால் சிரிப்பாள். பட்டுப்புழு வளரும்போது நான்கு தடவை தோலுரிக்கும். உரிக்கிறதுக்கு முன்னால் தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்த நிலையை ஜொரம் என்போம். முதல் ஜொரம், இரண்டாம் ஜொரம் என்று நாலு. அதைச் சொல்லி, "எனக்கும் ரெண்டாம் ஜொரம் போல இக்குது மாமா. தோலு உரிஞ்சா செரியாப் போயிடும்" என்பாள். என்னை அவள் மாமா என்று கூப்பிடுவாள், முறையும் அதுதான்.

ஒருநாள் இருமித் துப்பியதில் ரத்தம் இருந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போனேன். ஊரைத் தாண்டி ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. நெஞ்சு நோய்க்காரர்களுக்குத் தனிக் கட்டிடம்.

காத்திருக்கிற இடம் தகரக் கொட்டகை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோரும் வாயை முந்தானையால் அல்லது துண்டால் மூடியிருந்தார்கள். யாரும் யாரிடமும் என்ன நோய் என்று கேட்கவில்லை. "படம் எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். படம் என்றால் எக்ஸ்ரே. சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கிறார்கள். வலியில்லை. மாதம்மாவுக்கு மூச்சைப் பிடிக்கத்தான் முடியவில்லை, இருமல் வந்து வந்து திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அப்புறம் மூடிபோட்ட டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். விடிந்ததும் வருகிற முதல் சளியை அதில் துப்பிக் கொடுக்க வேண்டும். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, பெரிதாகக் காட்டுகிற கருவியில் பார்த்தால் கிருமி தெரியும்.

டாக்டர் வயசுக்காரர் இல்லை. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். மெட்ராஸ் பக்கத்துப் பேச்சு. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் மேலே இடப்பக்கம் வெள்ளையாக மேகம் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு வட்டம்.

"இது ஓட்டை. கிருமி அரிச்சது. பயப்படாதீங்க, இப்ப மருந்து இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்ன வந்திருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

வார்டில் சேர்க்கும்போது சிஸ்டர் கேட்டார், "புருஷன் பேரு?"

மாதம்மா என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பேரு சொல்லும்மா, நேரமாகுது."

"மலமேல இக்கற சாமிங்க. ராயரு. முன்னால 'தி' வரும்."

"ராயரா? ஐயர் வூடா நீங்க?"

பக்கத்துக் கட்டிலிலிருந்து பெரிய சிரிப்பு வந்தது. அதுதான் ஜைனபு அக்கா. "ஏம்பா, உன் பொஞ்சாதிய எத்தினி நேரம் கொல்லுவே? வாயத் தொறந்து சொல்லேன்" என்றார். சொன்னேன். ஜைனபு அக்காவின் வீட்டுக்காரர் சாமல்பட்டி ஸ்டேஷன் பக்கத்தில் கயிறு வியாபாரம். அக்காவுக்கு நோய் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வார்டில் எதை எங்கே வைக்க வேண்டும், யாரிடம் வெந்நீர் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

மருந்து சின்னப் பாட்டிலில் வெள்ளைப் பொடியாக இருக்கும். ரப்பர் மூடி. ஊசியால் குத்தித் தண்ணீர் விட்டு, குலுக்கி, உறிஞ்சி இடுப்புக்குக் கீழே போடுவார்கள். தினமும். போட்ட இடம் கட்டிக்கொள்ளும். ஜைனபு அக்கா உப்பைத் துணியில் கட்டிச் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பார். இதோடு பாஸ் என்று ஒரு பொடி. கை நிறையத் தின்ன வேண்டும். குமட்டும். மாதம்மா அதை வெல்லத்தோடு விழுங்கப் பார்ப்பாள், வெல்லமும் சேர்ந்து வெளியே வந்துவிடும். மறுபடி தின்பாள். ஊசியால் காதில் சில்வண்டு கத்துகிற மாதிரி சத்தம் வருகிறது என்றாள். நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். டாக்டர், அது இந்த மருந்தின் குணம், அதிகமானால் அளவைக் குறைப்போம் என்றார்.

வாரம் ஒருமுறை நான் போவேன். அம்மா ராகிக்களியும் கீரையும் கட்டிக் கொடுப்பார். வார்டில் முட்டையும் பாலும் கொடுத்தார்கள், அவள் களிக்குத்தான் ஏங்கினாள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எந்த ஜொரத்துல இக்குது?"

"மூணாவது."

"எல தூக்கிப் போடறாங்களா, பொடியா நறுக்கிப் போடறாங்களா?"

"அம்மா போடறாங்க. நான் பாக்கல."

"என்னாத்தப் பாத்தீங்க பின்ன? பஸ்ஸ பாத்தீங்களா?"

மருந்தின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசின். வார்டில் பலருக்கு அது வாயில் நுழையாது, 'தட்டுமைசூரு' என்றுகூட ஒருவர் சொன்னார். மாதம்மா சிஸ்டரிடம் கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். நோயின் பெயரைச் சொல்ல மாட்டாள். மருந்தின் பெயரை நன்றாகச் சொல்வாள். ஊரில் யாராவது கேட்டால் "எனக்கு ஸ்ட்ரெப்டோமைசின்" என்று சொல்லிவிடலாம் என்றாள்.

நான் இருந்த ஒருநாள் டாக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"டாக்டரய்யா, ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்த மருந்துக்கு யாரு பேர வெச்சிக்கறாங்க?"

"யாரு பேருன்னா?"

"பேருன்னா யாரு பேராச்சும் இருக்கணும் இல்லீங்களா. எனக்கு மாதேஸ்வரன் பேரு. இவங்களுக்கு இவங்க தாத்தா பேரு."

"அவரு பேரச் சொல்ல வாய் வராது. இந்தப் பேரு மட்டும் எப்பிடி சரசரன்னு வருது பாருங்க" என்றார் ஜைனபு அக்கா.

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தே விட்டார். மருந்துகளின் பெயர்க்கதை அவருக்குப் பிரியம் போலிருந்தது.

"ரெண்டு சொல்லும்மா இது. கிரேக்கு பாஷை. ஸ்ட்ரெப்டோன்னா முறுக்கினது. மைசின்னு வருது பாரு, அது மைக்கேஸ்ங்கற சொல்லுல இருந்து வந்தது. பூசணம்னு அர்த்தம். மண்ணுல இருக்கற ஒரு பூசணம். பெரிசாக் காட்டற கருவில பார்த்தா முறுக்கிவிட்ட நூல் மாதிரி இருக்கும். அதான் அந்தப் பேரு. பென்சிலின்னு கேள்விப்பட்டிருப்பே, அதுவும் பூசணம்தான். அது வெள்ளையடிக்கற பிரஷ் மாதிரி இருக்கும். லத்தீன் பாஷையில சின்ன பிரஷ்ஷுக்கு உள்ள பேரைப் பூசணத்துக்கு வெச்சு, பூசணத்து பேரை மருந்துக்கு வெச்சுட்டாங்க."

"பூசணமுங்களா?"

"ஆமா. எரு போட்ட மண்ணுல கெடைக்கும். நம்ம காலடியில இருந்தது, யாருக்கும் தெரியல. வேடிக்கையா இல்ல?"

ஜைனபு அக்கா, "அல்லா எதுல எத வெச்சிருக்கான் பாரு" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார். அவருக்கு எங்கள் தொழில் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

அன்று நான் கிளம்பும்போது அவள் புழுவைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வாங்காமல், "அங்க வெச்சிட்டுப் போங்க" என்றாள். வீட்டிலிருந்து வந்த தூக்கு, வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய தூக்கு. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அவள் தேறினாள். எடை ஏறியது, சாயங்காலச் சூடு நின்றது. சளியில் கிருமி இல்லை என்றார்கள். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, "நல்லாயிட்டேன்னு நெனச்சு நிறுத்தக் கூடாது. வாரத்துல ரெண்டு நாள் ஊசி, தினமும் பொடி. நான் சொல்ற வரைக்கும்" என்றார். கெலமங்கலத்தில் ஒரு கம்பவுண்டர் ஊசி போடுவார் என்று ஏற்பாடு ஆனது. இதுவரைக்கும் ஆன செலவெல்லாம் பட்டுக்கூடு விற்று வந்த காசு. புழு கூடு கட்டினால்தான் மருந்து, அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்தவள் புழு அறைப்பக்கமே போகவில்லை. உடம்பு பலவீனம் என்று நினைத்தேன். முசுக்கொட்டை இலை நறுக்கக்கூட உட்காரவில்லை. அம்மாதான் கேட்டார்.

"ஏம்மா, உள்ள வாயேன். ரெண்டாம் ஜொரம் எழுந்திருச்சிக்கிச்சு. பாக்க ஆசயா இல்லியா?"

"நான் வரக் கூடாது அத்த."

"தூரமா?"

"அது இல்ல. எனக்குப் போடற ஊசி பூசணத்துது. அதுக்குப் பேரே பூசணம்தான். டாக்டரே சொன்னாரு. என் ரத்தத்துல அதுதான் ஓடுது."

அம்மா கையிலிருந்த இலைக்கூடையைக் கீழே வைக்காமல் நின்றார். அவருக்கு இதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பூசணத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பூசணம்தானே.

அம்மா கெட்டவர் இல்லை. தாழ்வாரத்தில் வெயில் விழுகிற இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். தன் தலையணையைக் கொடுத்தார். ஆட்டுப்பால் காய்ச்சி ஊற்றினார், டம்ளரை வைத்துவிட்டு எட்ட நின்று, அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் கதை பேசினார். பிறகு குளித்துவிட்டுப் புழு அறைக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் குளித்தார். மாதம்மா வெளியில் இருந்தபடியே, "அத்த, கிழக்கு மூலத் தட்டுல காத்துப் படுதா?" என்று கேட்பாள். உள்ளிருந்து அம்மா பதில் சொல்வார். கதவு நடுவில் இருந்தது.

மழைக்காலம் வந்தது. ஈர இலை. நாலாம் ஜொரம் எழுந்த புழுவில் சுண்ணக்கட்டு வந்துவிட்டது. முதலில் ஒரு தட்டு, அப்புறம் பக்கத்துத் தட்டு. மழைக்காலத்தில் இது எந்த வீட்டிலும் வரும். அந்த வருஷம் அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டில் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். நான் தட்டுகளைக் கொல்லையில் போட்டு எரித்தேன். மாதம்மா தாழ்வாரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஊசிநாள் அவள் கிளம்பவில்லை. நான் வண்டி கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"போவலியா?"

"போவல மாமா. எனக்கு நல்லாத்தான் இக்குது. ஊசி போட்டா புழு போவுது. புழு போனா ஊசி எப்பிடிப் போடறது? நீங்களே சொல்லுங்க."

நான் மாட்டை அவிழ்க்கப் போனேன். அம்மா உள்ளேயிருந்து, "டாக்டரு சொன்னாரேடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பொடியையும் அவள் நிறுத்திவிட்டாள்.

கம்பவுண்டர் சந்தையில் என்னைப் பார்த்து, "எங்கப்பா காணோம் அந்தம்மாவ?" என்றார். நல்லா இக்குதுங்க என்றேன். "நல்லா இருந்தாலும் போட்டுக்கணும்பா" என்றார். சரிங்க என்றேன்.

மழை நின்ற பிறகு அவள் தலைமுழுகி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலை செருகி, சுண்ணாம்பை மிதித்துக்கொண்டு புழு அறைக்குள் போனாள். அந்தத் தடவை கூடு நன்றாக வந்தது. அடுத்த தடவை அதைவிட நன்றாக வந்தது. ஆனேக்கல்லிலிருந்து வருகிற வியாபாரி ஒரு கூட்டை எடுத்துக் காதருகில் ஆட்டிப் பார்த்துவிட்டு, கன்னடத்தில், இந்த மாதிரி கூடு இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்றார். ஊசி நின்றதும் புழு பிழைத்தது. இதைவிட எங்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? மழை நின்றதைச் சாட்சியாக யாரும் எண்ணவில்லை.

அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு சாயங்காலச் சூடு திரும்பி வந்தது. அவள் மறைத்தாள். புழு அறை எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருக்கிற இடம், அங்கே இருந்து வந்தால் உடம்பு சுடத்தானே செய்யும் என்றாள். ஒருநாள் அறையிலிருந்து வேகமாக வெளியே வந்தாள். வாசலைத் தாண்டுகிற வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டு, தாண்டினதும் இருமினாள். வாசலில் கிடந்த சுண்ணாம்புத் தூள் சிவப்பாகிவிட்டது. அம்மா அதை அள்ளி வெளியே கொட்டிவிட்டு வேறு சுண்ணாம்பு போட்டார்.

மறுபடியும் அதே தகரக் கொட்டகை, அதே சில்லென்ற பலகை. படத்தில் வெள்ளை இரண்டு பக்கமும் இருந்தது. டாக்டர் படத்தை ஜன்னலில் பிடித்தபடி எங்களைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"எப்ப நிறுத்தினே?"

"மழைக்காலத்துல, டாக்டரய்யா."

"ஏன்? பொடி குமட்டுச்சா? ஊசி வலிச்சதா?"

"அதெல்லாம் இல்லீங்க. நாங்க பட்டுப்புழு வெச்சிக்கறோம். அதுக்குப் பூசணம் ஆவாது. நீங்க ஊசி மருந்து பூசணம்னு சொன்னீங்க."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். அன்றைக்குப் பரிசோதனைக்கு வந்திருந்த ஜைனபு அக்காவும் அங்கே இருந்தார். அவர் ஊசியை விடாமல் போட்டுக்கொண்டு தேறியிருந்தார், கன்னத்தில் சதை வைத்திருந்தது.

"பேரு பூசணத்தோட பேரும்மா," என்றார் டாக்டர். "மருந்து பூசணம் இல்ல. அந்தப் பூசணத்தைக் கஷாயத்துல வளர விடுவாங்க. அது தன் உடம்புல இருந்து ஒரு சத்தைக் கசியும். அதுக்கப்புறம் பூசணத்தை வடிகட்டித் தூக்கி எறிஞ்சிடுவாங்க. கசிஞ்சது மட்டும்தான் அந்த வெள்ளைப் பொடி. அதுல பூசணம் ஒரு துளி இல்ல. யாருகிட்ட இருந்து வந்ததோ அவங்க பேரை வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

மாதம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப பட்டு மாதிரியா?"

"பட்டு மாதிரியா?"

"புழு வாயில இருந்து நூலு வருது. கூட்ட வேவ வெச்சி, நூலு எடுத்துட்டு, உள்ள இக்கறதத் தூக்கிப் போட்டுடறோம். பட்டுச்சேல கட்டினா மேல புழுவா ஊருது? எல தின்னுதா அது?"

டாக்டர், "அதேதான்மா" என்றார். படத்தை உறையில் போட்டார். போடுவதற்கு ரொம்ப நேரம் எடுத்தார்.

"இத்தினி நாளா கூட்டக் கையில வெச்சிக்கினே எனக்குத் தோணல பாருங்க" என்றாள் மாதம்மா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் இருமல் வரும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பேரு சும்மா பேருதான்னா, இவங்க பேரையும் சொல்லலாம் இல்ல அக்கா?"

"சொல்லு, சொல்லு. நான் சாட்சி" என்றார் ஜைனபு அக்கா.

"திம்மராயா" என்றாள் மாதம்மா. என்னைப் பார்த்து, 'யா'வை இழுத்து, மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொட்டகையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊசியை மறுபடி ஆரம்பித்தார்கள். பொடியையும் முகம் சுளிக்காமல் தின்றாள். ஆனால் இந்தத் தடவை சூடு இறங்கவில்லை. டாக்டர் எனக்குத் தனியாகச் சொன்னார். மருந்தைப் பாதியில் விட்டால் சாகாமல் மிச்சம் இருக்கிற கிருமிகள் பெருகும், அதே மருந்து பிறகு அவற்றை ஒன்றும் செய்யாது. புதிதாக வந்த மாத்திரை ஒன்றும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு நுரையீரலும் போயிருந்தது. அவளிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பழையபடி புழுவைப் பற்றித்தான் கேட்டாள்.

"எந்த ஜொரத்துல இக்குது?"

"நாலாவது எழுந்திருச்சி."

"எல நெறையப் போடச் சொல்லுங்க. நறுக்க வேணாம், கிளையோட போடச் சொல்லுங்க."

கடைசியாக நான் அவளிடம் போகும்போது புழு பழுத்துவிட்டிருந்தது. பழுத்த புழு உடம்பு கண்ணாடி மாதிரி ஆகித் தலையை ஆட்டிக்கொண்டு இடம் தேடும். பொறுக்கி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டியில் விட்டால் கூடு கட்டும். அந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. முடித்துவிட்டு, முதலில் கட்டின கூடு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் போனேன். தகரக் கொட்டகை வாசலிலேயே ஜைனபு அக்கா நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். தெரிந்துவிட்டது.

விடியும்போது போய்விட்டாளாம். "கூடு கட்டியிருக்குமா அக்கா" என்று கேட்டாளாம். "கட்டியிருக்கும்மா" என்று அக்கா சொன்னாராம். அவ்வளவுதான் நடந்தது.

கூட்டை அவள் கையில் வைத்தேன். சிஸ்டர் எடுக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் டாக்டர் சொன்னதையும் மாதம்மா சொன்னதையும் சொன்னேன். பட்டு மாதிரி என்றதும் அம்மா தன் கையைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் குளித்ததை நினைத்தாரோ என்னவோ. அதற்குப் பிறகு அவர் மாதம்மாவின் பெயரைச் சொல்வதில்லை. "அவ இருந்தப்ப" என்று தொடங்குவார், நின்றுவிடுவார். முன்னே எங்கள் வீட்டில் ஒரு பெயர்தான் யார் வாயிலும் வராமல் இருந்தது. இப்போது இரண்டு.

ஊசி போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்தால், உடம்பு நல்லா இருந்தாலும் நிறுத்தாதீர்கள். ஏதாவது சந்தேகம் இருந்தால், உங்கள் தொழில் என்ன, வீட்டில் எது ஆகாது என்பதையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஜைனபு அக்கா ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்காகக் கேட்கிறேன் என்றார். நான் மாதேஸ்வரன் கோயிலில் தேங்காய் உடைத்தேன். அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் சாமி யாரானாலும் சரி, எந்த பாஷையில் கும்பிட்டாலும் சரி, அவளுக்காக ஒருமுறை வேண்டிக்கொள்ளுங்கள். மனசுக்குள் வேண்டாம். பெயரை வாய்விட்டுச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். அவள் பெயர் மாதம்மா.